பில்பாவோ ஆத்தங்கரை மார்க்கெட்

ஸ்பெயின்ல இருக்குற பில்பாவோன்னு சொன்னா எல்லாரும் குகன்ஹைம் மியூசியம் பத்திதான் கேக்குறாங்க, ஆனா அது வந்ததே 1997ல தாங்க, ஊரு உருவானது 1300ல, அந்தக் காலத்துலேருந்து ஊருக்குச் சோறு போட்ட இடம் மியூசியம் இருக்குற அதே ஆத்தங்கரையில கொஞ்சம் மேல தள்ளி இருக்குற ரிபேரா சந்தைதான். நான் அங்க இருந்த நாலு நாள்ல மூணு நாள் காலையில அங்கதான் நின்னேன்.

சான் அந்தோன் சர்ச்சும் பாலமும் பக்கத்துலயே இருக்கு, ஊரோட சின்னத்துலயே அந்த ரெண்டும்தான். அந்தக் காலத்துல கடல்லேருந்து கப்பல் நேரா இந்த இடம் வரைக்கும் வந்துச்சு, அலை ஏத்தத்தை நம்பித்தான் வரணும். காத்து இல்லாதப்போ கரையில நின்னு கயித்தக் கட்டி படகை இழுத்துட்டு வந்தது பொம்பளைங்க! இதப் படிச்சதுலேருந்து அந்த ஆத்தங்கரையில நடக்கும்போதெல்லாம் அவங்க தோள்பட்டைதான் ஞாபகம் வருது எனக்கு.

இப்போ இருக்குற கட்டடம் 1929ல திறந்தது, பேத்ரோ இஸ்பிசுவான்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கட்டுனது. கான்கிரீட், உள்ள வெளிச்சம் அப்படியே கொட்டுது, கலர் கண்ணாடி வேற. வெளியேருந்து பாத்தா ஆத்துல ஒரு கப்பல் வந்து ஒட்டி நின்ன மாதிரியே இருக்கு.

ஆனா அதே ஆறுதான் 1983 ஆகஸ்ட் 26 அன்னிக்கு மார்க்கெட்டுக்குள்ளயும் புகுந்துச்சு. ஊர்த் திருவிழா நடந்துட்டு இருந்த நேரம், விடாத மழை, பழைய ஊர் முழுக்கத் தண்ணியும் சேறும், உயிர்ச்சேதமும் ஆச்சு. கட்டடம் தாங்குச்சு, ஆனா அடி பலமா பட்டுருந்துச்சு. 2009லேருந்து பகுதி பகுதியா இடிச்சு, பழைய வடிவத்துலயே திரும்பக் கட்டுனாங்க. இப்போ கீழ கொஞ்சம் இடத்துல தீனிக்கடை, பாருன்னு வந்துருச்சு, டூரிஸ்ட் கூட்டம் அங்கதான் நிக்குது. போனீங்கன்னா தயவுசெஞ்சு மீன் கடை பக்கமும் போங்க, ஏதாவது வாங்குங்க, அந்த யாவாரம் நின்னுட்டா அது வெறும் கட்டடம்தான்.

அங்க உப்புக்கண்டம் போட்ட காட் மீனுக்குத் தனி மரியாதை. 1830கள்ல நடந்த உள்நாட்டுப் போர் சமயத்துக் கதை ஒண்ணு சொல்றாங்க, ஒரு யாவாரி "100 அல்லது 120 மீன் அனுப்பு"ன்னு எழுதுனாராம், ஸ்பானிஷ்ல அல்லதுங்கறதுக்கு ஓன்னு ஒரே எழுத்துதான், அத சைபர்னு படிச்சுட்டு பத்து லட்சத்து நூத்தி இருவது மீன் வந்து எறங்குச்சாம், அப்புறம் ஊர முற்றுகை போட்டப்போ அதத் தின்னுதான் ஜனங்க பொழச்சாங்களாம். நெசமோ கதையோ, அந்த ஊர்க்காரங்க மீன் மேல வச்சிருக்குற பாசம் அதுல தெரியுது.

நானும் ஒரு துண்டு வாங்கிட்டு வந்தேன். நம்ம கருவாடு மாதிரி சும்மா அலசுனா பத்தாது, ரெண்டு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊறப்போடணும். அப்புறம் ஆலிவ் எண்ணெயில பூண்டு போட்டு, சட்டியக் கையால ஆட்டிக்கிட்டே இருக்கணும், மீன்லேருந்து வர்ற பசையே எண்ணெயோட சேந்து வெள்ளையா குழம்பாகிடுது.