மணிக்கு ஒரு தடவை

மார்ச் 3
1:12. 2:12. 3:12. அதற்கப்புறம் தூங்கிவிட்டேன்.

மார்ச் 4
வீட்டு வைஃபை ரவுட்டரில் புது ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை ஓட்டும் மென்பொருள், போட்டது போன வெள்ளிக்கிழமை. ‘பாதுகாப்பு மேம்பாடு’ என்று ஒரு வரி இருந்தது. எது மேம்பட்டது என்று எழுதவில்லை. நானும் சரி என்று அமுக்கிவிட்டேன். அன்றிலிருந்து அம்மா அறைக் கேமரா மணிக்கு ஒரு தடவை அறுந்து, நாற்பது விநாடி கழித்துத் தானே ஒட்டிக்கொள்கிறது.

நாற்பது விநாடிதானே என்கிறான் தம்பி. ராத்திரி கீழே உட்கார்ந்து அந்தக் கருப்புத் திரையை ஒரு தடவை பார்க்கட்டும்.

மார்ச் 5
பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பலாம் என்று முந்தைய ஃபைலை ஏற்றினேன். ‘இந்த ஃபைல் செல்லாது.’ நாலு மாதம் இதே பெட்டியில் ஓடிய அதே ஃபைல்! அடைத்த ஓட்டையை யாரும் மறுபடி திறந்துவிடக் கூடாது என்றுதான் பின்வழியைப் பூட்டுகிறார்கள். நியாயம்தான். இருந்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

5:12-க்கு விழுந்தது. பார்க்காமல் இருக்கப் பழகவேண்டும்.

மார்ச் 7
ஓபன்டபிள்யூஆர்டி, 24.10. கம்பெனி ஃபர்ம்வேருக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் திறந்தமூல ஃபர்ம்வேர், சுருக்கமாக ஓபன். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் உள்ள பெட்டிகளை அவர்கள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். என்னுடையது 16, 128. தப்பித்தது.

முதல் தடவைக்கு ‘ஃபேக்டரி’ ஃபைல், அதற்கப்புறம் எப்போதும் ‘சிஸ்அப்கிரேட்’ ஃபைல். ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க எஸ்ஹெச்ஏ 256 எண்ணை ஒப்பிட்டேன். 64 எழுத்தையும் விரல் வைத்துப் படித்தேன், கடைசி ஆறை மூன்று தடவை. ஏற்றியதும் வைஃபை பெயரையே காணோம். உயிர் போய்விட்டது எனக்கு. அப்புறம்தான் தெரிந்தது: புதிதாகப் போட்டால் வைஃபை அணைந்தே இருக்கும், கேபிள் செருகி 192.168.1.1-க்குப் போய் நாம்தான் திறந்துவிட வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே படிக்கிற ஆளாக இருந்தால் நான் வெள்ளிக்கிழமையே படித்திருப்பேன்.

மார்ச் 8
விழவில்லை.

மார்ச் 9
விழவில்லை. அம்மா இரண்டு தடவை இருமினாள், அதுவும் தெளிவாகக் கேட்டது.

மார்ச் 10
தம்பி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். கேபிளில் 900 மெகாபிட் வந்த இடத்தில் இப்போது 300-ஐத் தாண்டவில்லை. நாள் முழுக்கப் பெரிய பெரிய ஃபைல்களை இழுப்பதுதான் அவன் வேலை. கம்பெனி ஃபர்ம்வேரில் சிப்புக்கென்றே ஒரு குறுக்குவழி உண்டு, டேட்டா பாக்கெட்டுகள் ப்ராசஸரை எழுப்பாமலே தாண்டிப் போய்விடும். அந்த நிரலை வெளியே தருவதில்லை. ஓபனில் ஒவ்வொரு பாக்கெட்டையும் ப்ராசஸரே கையால் தூக்கி வைக்கவேண்டும். அந்தச் சுமையைக் குறைக்கும் ஃப்ளோ ஆஃப்லோடிங் போட்டுப் பார்த்தேன். ஏறியது, போதவில்லை.

"உனக்குக் கேமரா ஓடினா போதும்" என்றான். ஆமாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 11
ராத்திரி 11:40. கம்பெனியின் பழைய ஃபர்ம்வேரைப் போட்டேன். ஓபன் தடுத்தது, நான் ‘கட்டாயப்படுத்து’ கொடுத்தேன். பச்சை விளக்கு சிமிட்டுகிறது. சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 12
ஃபைல் பெயரின் நடுவில் ‘பூட்’ என்று இருந்தது. பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை. அந்த வார்த்தை இருந்தால் ஃபைலின் தலையில் பூட்லோடரும், பவர் போட்டதும் முதலில் எழும் சின்ன நிரல், சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரிப் பெட்டியில் ஓபனிலிருந்து திரும்பும்போது அந்தத் தலையை, 512 பைட்டாக 257 துண்டு, வெட்டிவிட்டுத்தான் ஏற்றவேண்டும். நான் தலையோடு ஏற்றிவிட்டேன். எழும்போது கெர்னல் என்ற மைய நிரல் இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ கிடக்கிறது.

கேமரா இல்லை. லேப்டாப், ரவுட்டர், கேபிள், ஊசி எல்லாவற்றையும் மேலே தூக்கிக்கொண்டு போய் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பெட்டிக்குள் இருக்கும் பூட்லோடரை நான் தொடவில்லை, அது ஒன்றுதான் நம்பிக்கை. ரீசெட் ஓட்டையில் ஊசியை அழுத்திக்கொண்டே பவரைப் போட்டு, பத்து விநாடி விடக்கூடாது. ஃபர்ம்வேர் கேட்டு அது 192.168.0.66 என்ற முகவரியைத் தேடும். லேப்டாப் அந்த முகவரியில், ஃபைலை எடுத்துக் கொடுக்கும் டிஎஃப்டிபி சர்வரோடு, அது எதிர்பார்க்கிற பெயரிலேயே ஃபைலை வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும்.

ஆறு தடவை செய்தேன். ஒன்றும் இல்லை. ஃபயர்வாலை அணைத்தேன், இல்லை. பவரை நிறுத்தும்போதெல்லாம் லேப்டாப்பின் போர்ட்டும் சேர்ந்து கண்ணை மூடிக்கொள்கிறது, அது விழிப்பதற்குள் பூட்லோடர் கேட்டு ஓய்ந்துவிடுகிறது. இது புரிய 2 மணி ஆகிவிட்டது. பரணிலிருந்த பழைய நெட்வொர்க் ஸ்விட்சை எடுத்து நடுவில் போட்டேன். கேபிளில் போவதையெல்லாம் காட்டும் ஒயர்ஷார்க்கில் ஒரே ஒரு வரி வந்தது: 192.168.0.86 கேட்கிறது, 192.168.0.66 யார்?

செத்துப்போனதென்று நினைத்த பெட்டி, இருட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

"என்னடா அது, நட்சத்திரமா?" என்றாள் அம்மா. ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. ஆமாம்மா, தூங்கு என்றேன். தூங்கவில்லை. அவ்வளவு நேரமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மார்ச் 13
பழைய ஃபர்ம்வேர் ஓடுகிறது. 900. தம்பி சிரிக்கிறான்.

செட்டிங் பக்கத்தில் ஒரு கட்டம்: ‘குழு விசை புதுப்பிப்பு இடைவெளி, விநாடியில்: 0.’ 0 என்றால் புதுப்பிப்பதே இல்லை. புது ஃபர்ம்வேரில் இந்தக் கட்டமே கிடையாது, அப்போது எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டில் பார்த்துவிட்டேன். வைஃபையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி விசை, அதோடு எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொது விசை. ரவுட்டர் பொது விசையை அவ்வப்போது மாற்றி எல்லோருக்கும் சொல்லும். சில தடவை சொல்லியும் பதில் தராத கருவியை வெளியே தள்ளிவிடும். கேமரா பாதித் தூக்கத்தில் இருக்கும்போது கூப்பிட்டிருக்கிறது.

கட்டத்தில் 3600 போட்டுவிட்டுக் காத்திருந்தேன். சரியாக ஒரு மணி நேரத்தில் விழுந்தது. இத்தனை நாளாக 12, 12, 12 என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு மணிக்கு எத்தனை விநாடி என்று கணக்குப் போடத் தோன்றவில்லை.

மறுபடி 0.

மார்ச் 14
அந்த ஒரு வரி. ‘பாதுகாப்பு மேம்பாடு.’ இப்போது ஓடுவது மேம்படாதது. அம்மா அறையின் படம் இதன் வழியாகத்தான் போகிறது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், அப்புறம் தூக்கம் வரவில்லை.

மார்ச் 15
மறுபடி ஓபன். இந்தத் தடவை ஃபைல் பெயரைச் சத்தமாகப் படித்தேன். குழு விசை இடைவெளி 86400, நாளுக்கு ஒரு தடவை. எண்ணிக்கை வைஃபை எழும் நிமிடத்திலிருந்து தொடங்குவதால், நண்பகல் 12 வரை காத்திருந்து ரீபூட் செய்தேன். விழுந்தால் அப்போது விழட்டும், அந்நேரம் நான் மேலேதான் இருப்பேன்.

தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 16
12:00. விழுந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்தது.

தம்பி வேகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டான். ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 17
ராத்திரி 2:40. படம் தெளிவாக இருக்கிறது. அம்மா எழுந்து உட்கார்ந்து கேமராவையே பார்க்கிறாள். மேலே போகிறேன்.