குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்காதீர்கள்

கவாத்து வெட்டும் தேயிலைச் செடிக்கு அடியிலோ விறகுக் கொட்டகை மூலையிலோ கண் திறக்காத பூனைக்குட்டி கிடைத்தால், எடுத்தவரின் கை முதலில் பாலைத் தேடித்தான் போகும். ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்துக் குளிரில் குட்டியைச் சாகடிக்க அதுவே போதும். பிறந்து மூன்று நான்கு வாரம் வரை குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. சூடு 35 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 95 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் குடல் அசைவு ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது ஊட்டிய பால் வயிற்றிலேயே புளித்து உப்பும். விழுங்கத் தெம்பில்லாததால் நுரையீரலுக்குள்ளும் இறங்கும். முதலில் சூடு, அடுத்து சர்க்கரை, பிறகு நீர், கடைசியில்தான் பால்.

எடுப்பதற்கு முன் ஒன்று. குட்டிகள் கொழுகொழுவென்று சத்தமில்லாமல் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கும். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். உடம்பில் புள்ளி புள்ளியாக இருந்தால் தொடவே வேண்டாம். சிறுத்தைப் பூனையும், ஏன், சிறுத்தையே கூட தேயிலைத் தோட்டத்தில் குட்டி போடும் மலை இது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகுங்கள்.

சூட்டை அளக்க சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் ஒரு செ.மீ. மட்டும் நுழைக்க வேண்டும். எண் வராமல் ‘லோ’ என்று காட்டினால், அளவுக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். முதல் வாரத்தில் 35 முதல் 37 டிகிரி வரை இருப்பது இயல்பு. தெர்மாமீட்டர் இல்லையென்றால் குட்டியின் வாய்க்குள் சுண்டு விரலை வைத்துப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் ஆபத்து.

அவசரப்பட்டுச் சூடேற்றக் கூடாது. தோல் மட்டும் சட்டென்று சூடானால் மேலோட்டமான ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் விழுந்துவிடும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருந்தால் முதலில் துவட்டிவிட்டு, சட்டைக்குள் உங்கள் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்வது நல்ல தொடக்கம். பிறகு அட்டைப்பெட்டியில் ஒரு பக்கம் மட்டும், துண்டு சுற்றிய வெந்நீர்ப் பை. மறுபக்கம் வெறுமையாக இருந்தால்தான் சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள முடியும். பெட்டிக்குள் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனி இரவில் பை சீக்கிரம் ஆறிவிடும், ஆறிய பை குட்டியின் சூட்டையும் உறிஞ்சும். மின்சாரத்தை நம்பாமல் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் வைத்திருங்கள். கரியடுப்பைப் பெட்டிக்கு அருகே வைத்து அறையைச் சாத்தவே கூடாது. கார்பன் மோனாக்சைடு குட்டியோடு உங்களையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

துவண்டு கிடந்தால், வெட்டி இழுத்தால், சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரை 50 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சூடேற்றும்போதே ஈறில் ஒன்றிரண்டு துளி தடவுங்கள். கால் மணிக்கொரு தரம் தடவலாம். வாய்க்குள் ஊற்ற வேண்டாம். சூடு ஏறி விழுங்க ஆரம்பித்த பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசல் சொட்டுச் சொட்டாக. ஈறு பிசுபிசுத்தால், சிறுநீர் அடர் மஞ்சளாக வந்தால் நீர் வற்றியிருக்கிறது. குட்டி குடிக்காவிட்டால் தோலுக்கடியில் திரவம் ஏற்ற வேண்டும். அது மருத்துவர் வேலை.

வெறும் பசும்பால் ஆகாது. லாக்டோஸ் அதிகம், பூனைக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் குறைவு, விளைவு பேதி. பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடர்தான் வேண்டும். மலையில் எல்லாக் கடையிலும் அது கிடைக்காது. கோயம்புத்தூர் போகிறவரிடம் முன்கூட்டியே ஒரு டின் சொல்லி வையுங்கள். அது வரும்வரை ஒரு நாளைக்கு மட்டும் 240 மி.லி. பசும்பாலில் மூன்று முட்டை மஞ்சள் கருவை அடித்து, வடிகட்டிக் கொடுத்துச் சமாளிக்கலாம். 100 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 4 மி.லி., நாளுக்கு மொத்தம் 20 முதல் 25 மி.லி. முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கொரு தரம், இரவிலும்தான். நோயுற்ற குட்டிக்கு இன்னும் குறைத்து, இன்னும் அடிக்கடி.

குழந்தையைப் போல் மல்லாத்திப் பால் புகட்டுவதுதான் நிறையப் பேர் செய்கிற தவறு. குப்புறப் படுத்த நிலையில், தலை லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சைக் கடைவாயோரம் வைத்து ஒவ்வொரு துளியாகத் தள்ளுங்கள். பழகிய சிரிஞ்சில் தண்டு சிக்கிச் சிக்கிப் பாயும். அந்த ஒரு பாய்ச்சல் போதும், பால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். சிக்க ஆரம்பித்ததும் புதிது மாற்றுங்கள். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள். அடுத்த நாள் மூச்சு வேகமானால் நிமோனியா என்று சந்தேகப்படுங்கள். சிரிஞ்சை, நிப்பிளைக் கொதிக்கவைப்பதில் இன்னொன்று: ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். சமவெளிக்காரர் ஐந்து நிமிடம் என்றால் இங்கே பத்து.

ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிப்பகுதியைத் தடவிச் சிறுநீரும் மலமும் கழிக்கவிடுங்கள். சுமார் மூன்று வாரம் வரை தானாகப் போகாது. மலம் கடுகு மஞ்சளில், பற்பசைப் பதத்தில் இருந்தால் சரி. பச்சையாகத் தண்ணீர் போல் போனால் பெரும்பாலும் பால் அதிகமாகியிருக்கும், அல்லது தொற்று. ஒரு வேளை ஓ.ஆர்.எஸ்., அடுத்த வேளை வழக்கமான அளவில் பாதிப் பவுடர் மட்டும் போட்டுக் கலக்கிய பால். அப்படியும் அரை நாளில் நிற்காவிட்டால் மலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

திறக்காத இமை புடைத்திருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. வெந்நீர்ப் பஞ்சால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், தாமதித்தால் கண்ணே போகும். வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தைப் போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். மூக்கு அடைத்த குட்டிக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் குடிக்காது. பால் கொடுக்கும் முன் மூக்கைத் துடைத்துவிடுங்கள்.

ஈறு வெளுத்திருந்தால் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். இத்தனூண்டு உடம்பில் அது குடிக்கும் ரத்தமே உயிரை எடுக்கும். நாய்க்கான மருந்தோ பவுடரோ கூடாது, அதில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். பேன் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் முக்கிக் கொல்லுங்கள். காய்ச்சல் என்று குழந்தைகளின் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்தால் குட்டி பிழைக்காது.

சமையலறை டிஜிட்டல் தராசில் தினம் இரு வேளை எடை பாருங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டாலே கவலைப்படலாம், இறங்கினால் காத்திருக்க வேண்டாம். குட்டி பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

வாந்தி, பேதியோடு குட்டிகள் அடுத்தடுத்துச் செத்தால் பூனைகளுக்குள் தொற்றிப் பரவும் பான்லூகோபீனியா வைரஸாக இருக்கலாம். பெட்டியையும் துணியையும் எரித்துவிடுங்கள். தரையை முதலில் சோப்பால் கழுவி, ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஃபினாயில் வேண்டாம், அது பூனைக்கு நஞ்சு. அந்த வைரஸ் ஒரு வருடம் கூட உயிரோடு கிடக்கும். அதுவரை தடுப்பூசி போடாத பூனை எதையும் அந்த அறைக்குள் விடாதீர்கள்.