அடர்முடி நாட்குறிப்பு: ஐப்பசி மழையும் அவிழாத ஈரமும்

10 அக்டோபர் 2025, வெள்ளி

முடி அடர்த்தி என்று சொல்லும்போது இரண்டு சங்கதிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தலையில் எத்தனை முடி இருக்கிறது என்பது ஒன்று. ஒவ்வொரு இழையும் எவ்வளவு தடிமன் என்பது இன்னொன்று. முதலாவதை அளக்கத் தையல் டேப் போதும். முழு முடியையும் பிடரியில் ஒரே குதிரைவாலாகக் கட்டி, ரப்பர் பேண்டை ஒட்டிச் சுற்றளவு எடுங்கள். 4 அங்குலத்துக்கு மேல் வந்தால் அடர்த்தி. 2 அங்குலத்துக்கும் குறைவு என்றால் மெலிசு. இழையின் தடிமனைப் பார்க்க, உதிர்ந்த ஒற்றை முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுங்கள். ஏதோ இருப்பதே தெரியவில்லையா, மெல்லிய இழை. நன்றாகத் தட்டுப்பட்டால் தடித்த இழை.

எண்ணிக்கையும் தடிமனும் இரண்டுமே கூடுதலாக உள்ள தலைக்குத்தான் இந்தக் குறிப்புகள். அப்படிப்பட்ட முடியில் தண்ணீர் உள்ளே போகவும் நேரமாகும், வெளியே வரவும் நேரமாகும். சீயக்காய், சீப்பு, சூடு எதுவானாலும் மேல்பரப்பிலேயே நின்றுவிடும். ஆகவே எந்த வேலைக்கும் முன்னால் நாலாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: நெற்றி நடுவிலிருந்து பிடரி வரை ஒரு வகிடு, ஒரு காதின் மேலிருந்து உச்சி வழியாக மறுகாது வரை இன்னொரு வகிடு. நாலு பாகத்துக்கும் நாலு கிளச்சர். சுற்றளவு 5 அங்குலத்தைத் தாண்டினால் பின்பக்கத்து இரண்டையும் மேல், கீழ் என்று பிரித்து ஆறாக்குங்கள்.

14 அக்டோபர், செவ்வாய்

எண்ணெய்க் குளியல். இடுப்பளவு அடர்முடிக்கு நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, அதாவது சுமார் 60 மில்லி போதும். அதற்கு மேல் ஊற்றினால் அதை எடுக்கவே இன்னொரு பங்கு சீயக்காய் வேண்டும். கை பொறுக்கும் சூட்டில், 3 கரண்டியை வகிடு வகிடாக மண்டையில் தேய்த்து, மிச்சம் 1 கரண்டியை நுனி ஒரு சாணுக்கு மட்டும் தடவுங்கள். அரை மணி முதல் முக்கால் மணி ஊறட்டும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கூடுதல் பலன் என்பது வெறும் நம்பிக்கை. பொடுகு உள்ளவர்களுக்கு அது கெடுதலும்கூட, பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசையே தீனி.

சீயக்காய்த்தூள் 5 மேசைக்கரண்டியை வெதுவெதுப்பான வடிகஞ்சியில் தோசைமாவுப் பதத்தில் கரைத்து 10 நிமிடம் வைத்துவிட்டுத் தேய்க்கவும். அடர்முடியில் பெரும்பாலும் தப்பு நடப்பது திப்பியால். பொடியில் இருக்கும் நார் முடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உலர்ந்தபின் பார்த்தால் பொடுகு மாதிரியே தெரியும். மெஷினில் அரைத்து வந்ததும் பழைய வேட்டித் துணியில் சலித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வீட்டு அளவு: சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 150 கிராம், பூலாங்கிழங்கு 100 கிராம், காய்ந்த ஆவாரம்பூ இரண்டு கைப்பிடி. வழக்கமாக வெந்தயம் 100 கிராம்தான் போடுவார்கள். தடித்த இழைக்கு வழுவழுப்பு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கொங்குப் பக்கத்து அரப்பு (உசிலை இலைத்தூள்) இதைவிட மென்மை, எண்ணெயும் போகும், முடியும் வறளாது. ஆனால் அளவுக்கு மீறி எண்ணெய் வைத்த தலைக்கு அரப்பு ஈடுகொடுக்காது.

ஷாம்பு போடுகிறவர்கள் நேராகத் தலையில் ஊற்றவேண்டாம். ஒரு குவளையில் 10 மில்லி ஷாம்புக்கு 100 மில்லி தண்ணீர் கலந்து, ஒவ்வொரு பாகத்தின் வேரிலும் ஊற்றுங்கள். ஷவரைவிட வாளியும் மக்குமே இங்கே வசதி. ஷவர்த் தண்ணீர் மேலாக வழிந்து ஓடிவிடும். மக்கில் என்றால் ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து வேருக்கே ஊற்றலாம்.

17 அக்டோபர், வெள்ளி

உலர்த்துவதற்கு இன்று கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பருவமழைக் காலத்தில் அடர்முடிக்காரர்கள் சொல்லும் புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது: ஒரு மாதிரி மக்கல் வாடை, அரிப்பு, பிடரியில் கட்டி, நாள் முழுக்கத் தலைபாரம்.

குளித்ததும் தடித்த டர்க்கி டவலைத் தலைப்பாகையாகச் சுற்றி ஒரு மணி நேரம் உட்காருவது பலருக்கும் பழக்கம். டவல் குடிப்பது வெளிமுடியின் ஈரத்தை. உள்ளே இருப்பது மூட்டமாக அப்படியே நிற்கும். நனைந்த முடியோடு டவல் எடையும் சேர்ந்து நெற்றியோர முடியை இழுக்கும். அதற்குப் பதில், முடியை முன்னால் தொங்கவிட்டு, பழைய பருத்தி வேட்டியையோ ஈரிழைத் துண்டையோ வைத்து ஒவ்வொரு பாகமாகப் பிழியுங்கள். முறுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் போதும். துணி நனைந்ததும் மாற்றுங்கள். இரண்டு துணி கட்டாயம் வேண்டும், மூன்று இருந்தால் நல்லது. பிறகு நுனியில் மட்டும் ஒரு முடிச்சு போட்டு முதுகில் விட்டுவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை விரலால் கோதிப் பாகங்களை இடம் மாற்றுங்கள்.

ட்ரையர் என்றால் பிடரியிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலோர் முன்நெற்றியில் தொடங்கி, கை வலித்ததும் பிடரிக்கு வருமுன்பே நிறுத்திவிடுவார்கள். மிதமான சூடு, ஒரு சாண் தூரம், காற்று வேரிலிருந்து நுனியை நோக்கி. முதலில் எல்லாப் பாகத்தையும் முக்கால்வாசி உலர்த்திவிட்டு, இரண்டாம் சுற்றில் முழுக்க முடியுங்கள்.

சாம்பிராணிப் புகை போடுவதில் உண்மையில் உலர்த்துவது தணலின் வெதுவெதுப்பு. புகை தருவது வாசனை. தூபக்காலில் கொட்டாங்கச்சித் தணல், மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் முடியைப் பரப்பும் பழைய ஏற்பாடுதான் சரி. கூடை இருந்தால் முடி நெருப்பில் விழாது, சூடும் பரவலாக வரும். கப் சாம்பிராணியில் புகை அதிகம், சூடு குறைவு, ஆகவே உலர்ந்த மாதிரி ஒரு பிரமை. ஆஸ்துமா, வீசிங் உள்ள வீட்டில் இரண்டுமே வேண்டாம்.

உலர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நுனியைத் தொட்டுப் பார்ப்பது வீண். நடுவிரலைப் பின்மண்டையின் மேட்டுக்குக் கீழே, முடிக்கு அடியில் விட்டு, தோலில் வைத்துப் பத்து எண்ணுங்கள். சில்லென்று இருந்தால் அங்கே இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தோலும் விரலும் ஒரே சூடாக இருந்தால்தான் பின்னலாம், கொண்டை போடலாம், படுக்கலாம்.

18 அக்டோபர், சனி

சிக்கு. அகலப் பல் மரச்சீப்பு, நுனியிலிருந்து ஆரம்பம். முதலில் கடைசி நாலு விரற்கடை, அது தடையில்லாமல் போனதும் இன்னும் நாலு விரற்கடை மேலே. சிக்குக்கு மேலே முடியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேருக்குப் போகாது. ஈரமுடி நீளும், எளிதில் அறும். ஈரத்தில் நெருக்கப் பல் சீப்பு ஆகவே ஆகாது. பிடரியில் உருண்டுபோன சிக்கில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, சீப்பின் கூரான வாலாலோ சிணுக்கோலியாலோ பக்கவாட்டில் பிரித்தெடுங்கள். கத்தரி கடைசி வழி.

பின்னலை மூன்று நாள் கழித்து அவிழ்த்தால் கைநிறைய முடி வந்து பலரையும் கலங்கவைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும். பின்னலுக்குள் அது விழ வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருந்து, அவிழ்த்ததும் 150, 300 என்று மொத்தமாக வருகிறது. தினமும் சீவியும் அதே அளவு வந்தால் அப்போது தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேன் மருந்து போட்டாலும் ஒருமுறையில் தீராது, ஈர் பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அடர்முடியில் ஒரு பாட்டில் லோஷன் தலை முழுக்க எட்டவும் எட்டாது. இரண்டு வாங்கி, நாலு பாகத்திலும் மண்டையில் படும்படி போட்டு, பேன் சீப்பால் வாரி, ஒன்பதாம் நாள் மறுபடி செய்யவும்.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

விடிகாலை நாலு மணிக்கு அடர்முடியை முழுக்க நனைத்தால் மத்தியானம் வரை காயாது. முழு எண்ணெய்க் குளியலை முந்தின நாளே முடித்துவிட்டு, விடிகாலையில் பெரியவர்கள் உச்சியில் வைக்கும் எண்ணெயை மட்டும் அந்த இடத்தில் சீயக்காய் போட்டு அலசிக்கொள்வது புத்திசாலித்தனம். சாத்திரமும் தப்பாது, ஈரத்தலையோடு திரியவும் வேண்டாம். பட்டாசு முடியும்வரை விரித்த தலை வேண்டாம். பின்னி, சுருட்டி, பின் குத்திவிடுங்கள்.

23 அக்டோபர், வியாழன்

லீவு முடிந்து பள்ளி தொடங்கிவிட்டது, ரிப்பன் வைத்த ரெட்டைச் சடைதான் காலையின் பெரிய வேலை. அடர்முடியில் சடை ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் வருவதற்குக் காரணம் வகிடு. நெற்றியில் நேராகத் தொடங்கிப் பின்மண்டையில் கோணிவிடுகிறது, அங்கே கண் போவதில்லை. சீப்பு வாலை உச்சியில் வைத்து, பிடரிக் குழியை விரலால் தொட்டு, அந்த இரண்டு புள்ளியையும் ஒரே இழுப்பில் சேருங்கள்.

பின்னத் தொடங்குமுன் காதுக்குப் பின்னால் ஒரு ரப்பர் பேண்ட். அப்புறம் முடியை மூன்று காலாக, அதாவது மூன்று புரியாகப் பிரியுங்கள். முதல் மூன்று பின்னல் மட்டும் இறுக்கம், பிறகு சாதாரணமாக விடலாம். முடி நீளத்தில் பாதி வந்ததும் 1 மீட்டர் ரிப்பனின் நடுவை ஒரு காலோடு சேர்த்து உள்ளே விட்டுப் பின்னுங்கள். முடியில் ஈரப்பதம் ஏறினாலும் நழுவாது. மேலே மடித்துக் கட்டும்போது மடிப்பு காது மட்டத்தில் நிற்கட்டும். அதற்கும் மேலே ஏற்றினால் சடை தன் கனத்தாலேயே கீழே இழுக்கும். தினமும் ஒரே இடத்தில் இறுக்கினால் நெற்றியோரத்தில் முடி கொட்டிச் சொட்டை விழும். அந்த இழுப்பு வருஷக்கணக்கில் நீடித்தால் அங்கே முடி திரும்ப முளைக்காமலும் போகலாம். வார இறுதியில் தளர்வான ஒற்றைச் சடை போதும்.

26 அக்டோபர், ஞாயிறு

கொண்டை நிற்கவில்லை என்றால் பின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பிரயோஜனமில்லை. சாதாரண ஸ்லைடு அடர்முடியில் வாயைப் பிளந்து வெளியே வந்துவிடும். 3 அங்குல யூ பின் ஐந்தாறு இருந்தால் போதும், குத்தும் விதத்தில்தான் இருக்கிறது எல்லாம். பின்னைக் கொண்டையின் விளிம்புக்கு வெளியே செங்குத்தாகப் பிடித்து, கொண்டை முடியில் கொஞ்சம், மண்டையோர முடியில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு, அப்படியே திசை திருப்பிக் கொண்டையின் நடுவை நோக்கித் தள்ளுங்கள். கிளிக்கென்று பிடிப்பது கைக்குத் தெரியும். எதிரெதிரே இரண்டு, அப்புறம் குறுக்கே இரண்டு. தலையை ஆட்டிப் பார்த்து, ஆடும் இடத்தில் மட்டும் இன்னொன்று.

உச்சிக் கொண்டை போட்டால் தலைவலி என்கிறவர்கள், முடியை மேல் பாதி, கீழ் பாதி என்று தனித்தனியாகக் கட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருட்டலாம். பார்க்க ஒரே கொண்டை, பாரம் இரண்டு இடத்துக்குப் பகிர்ந்துவிடும்.

30 அக்டோபர், வியாழன்

முகூர்த்த ஜடை. அடர்முடிக்குச் சவுரி வேண்டாம் என்பது பெரிய சௌகரியம், ஆனால் அதனாலேயே வேறு சிக்கல்கள் வரும். கல்யாணத்தன்று காலையில் தலைக்குக் குளித்தால் முடி வழுக்கி ஜடைபில்லை நிற்காது. முந்தின நாளே குளித்து உலர்த்திவிட வேண்டும். பூ ஜடைக்காரர் வழக்கமாகத் தைத்து வருவது சுமார் 2 அங்குல அகலம். தடித்த பின்னலின்மேல் அது நடுவில் மட்டும் உட்கார்ந்து, இரு ஓரமும் மடங்கித் தொங்கும். ஆர்டர் கொடுக்கும்போதே பின்னி அளந்து, நீளம், மேல் அகலம், நுனி அகலம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். மூன்று கால் பின்னல் உருண்டு நிற்கும். ஐந்து கால் பின்னினால் தட்டையாகப் படுக்கும், பூவும் பில்லையும் அசையாமல் நிற்கும். ராக்கொடியை உச்சியில் கறுப்பு நூலால் முடியோடு தைத்துக் கட்டியபிறகே பின்னல் தொடங்க வேண்டும். குஞ்சலத்தை நுனியில் தொங்கவிடாமல், கடைசி அரை அடிப் பின்னலுக்குள்ளேயே அதன் கயிற்றைச் சேர்த்துவிட்டால் மணவறையைச் சுற்றும்போது கழன்று விழாது.

3 நவம்பர், திங்கள்

வெட்டுவது. அடர்த்தியைக் குறைக்க வேரருகே தின்னிங் கத்தரி போடச் சம்மதிக்காதீர்கள். வேரில் வெட்டுப்பட்ட குட்டை முடிகள் மூன்றாம் மாதம் 3 சென்டிமீட்டராக நிமிர்ந்து நின்று, மேலிருக்கும் நீளமுடியைத் தூக்கிவிடும். கனம் குறைந்திருக்கும், ஆனால் பார்க்க முன்னைவிடப் பொசபொசவென்று இருக்கும். கேட்க வேண்டியது இதுதான்: பின்னால் யூ வடிவம், நீளமான லேயர், நடுமுடிக்குக் கீழே உள்பக்கத்தில் மட்டும் கனம் எடுப்பது. லேயர் தோளுக்கு மேலே வந்தால் பின்னலிலிருந்து முள்முள்ளாக வெளியே நீட்டும். சுருளோ அலையோ உள்ள முடியை ஈரத்தில் வெட்டினால் காய்ந்தபின் ஓரிரு அங்குலம் ஏறிவிடும், அதற்கு இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்று பழனி, திருப்பதி போய்வந்த ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார்கள். புதிதாக முளைக்கும் முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. வேர்க்கால் எண்ணிக்கை கூடுவதில்லை.

5 நவம்பர், புதன்

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கட்டிச்சோப்பைத் தலைக்குப் போடவே வேண்டாம். சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்பு பிசுபிசுவென்று திரிந்து முடிக்குள் தங்கும், அடர்முடியில் அலசினாலும் போகாது. கடைசி மக்குக்கு மட்டும் மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ 2 லிட்டர் வைத்துக்கொண்டு, அதில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து ஊற்றினால் சொரசொரப்பு அடங்கும்.

அயர்ன் போடுகிறவர்களுக்கு: பாகம் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, தடித்த இழைக்கு 180 முதல் 200 டிகிரி, ஒரே ஒரு இழுப்பு. கொத்து பெரிதாக இருந்தால் நடுமுடிக்குச் சூடு எட்டாமல் நாலு தடவை இழுப்பீர்கள், வெளிமுடி கருகும். இழுக்கும்போது சுர்ரென்று சத்தம் வந்தால் உள்ளே ஈரம் கொதிக்கிறது, உடனே நிறுத்திவிட்டு மறுபடி ட்ரையருக்குப் போங்கள். பார்லரில் ஸ்மூத்தனிங் செய்யும்போது கண்ணும் மூக்கும் எரிந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ஆவி வருகிறது என்று சந்தேகப்படலாம். ஜன்னலைத் திறக்கச் சொல்வதோடு விடாமல், பாட்டிலை வாங்கிச் சேர்மானத்தைப் படியுங்கள். காட்ட மறுத்தால் அலசிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.