வேம்புல அக்ரோபாக்டீரியம் வச்சு செடி எடுத்த என் அனுபவம்

வேலூர்ல பிஎச்டி சேர்ந்தப்போ கைடு கொடுத்த வேலை இதுதான், வேம்புல அக்ரோபாக்டீரியம் மூலமா ஜீன் ஏத்தி லேப்லயே செடியா எடுக்கணும். மண்ணுல இருக்குற இந்த பாக்டீரியா தன்னோட டிஎன்ஏல ஒரு துண்டை செடி செல்லுக்குள்ள அனுப்பிடும், அந்த துண்டுல நமக்கு வேணுங்கற ஜீனை வச்சிடறோம், அவ்ளோதான். புகையிலைல சட்டுனு வந்துடும். மரத்துல எனக்கு மூணு வருஷம் ஆச்சு.

வேப்பம்பழம் ஆனி ஆடில தான் விழும், கொட்டை நாள்பட்டா முளைக்காது, அதனால விழுந்த உடனே பொறுக்கிட்டு வந்து முளைக்க வச்சேன். காட்டிலிடனை (விதைக்குள்ள இருக்குற விதையிலை) வெட்டி 20 நிமிஷம் பாக்டீரியால ஊற வச்சு, ரெண்டு நாள் இருட்டுல. வெட்டுன காயத்துல கசியுற ஃபீனால் தான் பாக்டீரியாவை தூண்டி விடுது, ஆனா வேம்புல அதே ஃபீனால் துண்டையும் அது வளருற மீடியாவையும் கருப்பாக்கி சாகடிச்சுடுது. அஸ்கார்பிக் ஆசிட் போட்டு, மூணு நாளுக்கு ஒரு தடவை புது மீடியாவுக்கு மாத்தி மாத்தி தான் காப்பாத்துனேன்.

அப்புறம் வேலூர் வெயில். ஒரு நாள் கரண்ட் போய் ரூம்ல ஏசி நின்னுடுச்சு, இருட்டுல வச்சிருந்த ஒரு பேட்ச் முழுசா வீண். 28 டிகிரிக்கு மேல போனா பாக்டீரியா உயிரோட தான் இருக்கும், டிஎன்ஏ அனுப்புறது மட்டும் குறைஞ்சிடும், அதுக்கப்புறம் அந்த ரெண்டு நாளும் தெர்மாமீட்டரை பக்கத்துலயே வச்சிருந்தேன்.

கடைசியா கனமைசின் (ஜீன் ஏறாத செல்லை வளர விடாத ஆன்டிபயாடிக்) மீடியால 11 குருத்து பச்சையா நின்னுச்சு, பிசிஆர்ல (ஒரு ஜீன் இருக்கான்னு அதை பெருக்கி பாக்குற டெஸ்ட்) 11லயும் பேண்ட், அதாவது ஜீன் இருக்குன்னு காட்டுற கோடு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, அம்மாவுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன். மறுநாள் சீனியர் அக்கா அந்த பேண்ட் தெரியுற ஜெல் ஃபோட்டோவை பாத்துட்டு, "தம்பி, விர் ஜீனுக்கு பிரைமர் போட்டு பாத்தியா?"ன்னாங்க. போடல. பிரைமர்ங்கறது பிசிஆர் எந்த ஜீனை தேடணும்னு காட்டுற சின்ன டிஎன்ஏ துண்டு. டிஎன்ஏ துண்டை செடிக்கு அனுப்பி வைக்கிற விர் ஜீன் பாக்டீரியாவுக்குள்ளயே தங்கிடும், செடிக்கு போகாது, அதுவும் பேண்ட் காட்டுனா திசுவுல பாக்டீரியா இன்னும் ஒட்டிட்டு இருக்குன்னு அர்த்தம், நாம பாத்த பேண்ட் அதோடதாவும் இருக்கலாம். போட்டு பாத்தேன், 8ல விர் வந்துச்சு. பாக்டீரியாவை கொல்லுற செஃபோடாக்சிம் போட்டும் சாகாம உள்ளயே ஒளிஞ்சிருந்திருக்கு.

மிச்சம் மூணு. இலைத்துண்டை எக்ஸ்-குளுக்ல (நான் ஏத்துன குஸ் ஜீன் வேலை செஞ்சா நீலம் காட்டுற கெமிக்கல்) போட்டு 37 டிகிரில ராத்திரி முழுக்க வச்சுட்டு, காலைல ஆல்கஹால்ல பச்சையம் போக கழுவுனா நரம்போட நரம்பா நீலம். என் குஸ் ஜீன்ல இன்ட்ரான் (ஜீனுக்கு நடுவுல வர்ற, வெட்டி எடுத்தா தான் ஜீன் வேலை செய்யுற துண்டு) இருக்கு, அதை பாக்டீரியாவால வெட்டி எடுக்க முடியாது, அதனால இந்த நீலம் செடியோடது தான். கையெல்லாம் நடுங்குச்சு.

வேர் விட்டது ரெண்டு தான். கோகோபீட்ல வச்சு, பாலிதீன் கவர் மூடி, தினமும் கொஞ்சம் கொஞ்சமா திறந்து விட்டு பழக்குனேன். வெளில நட அனுமதி கிடையாது, லேப் கிரீன்ஹவுஸ்குள்ளயே தான் இருக்கு, இப்போ முழங்கால் உயரம். சதர்ன் பிளாட்டுக்கு (ஜீன் செடியோட டிஎன்ஏல சேந்துடுச்சான்னு உறுதி பண்ற டெஸ்ட்) இலை எடுக்க ஆரம்பிச்சிருக்கேன்.