டிவிடி டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள்

சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களை நம்பி டிடிபி சென்டர் நடத்துகிறேன். மனு டைப் அடிப்பது, ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் அன்றாடச் செலவுக்குத்தான். கொஞ்சம் காசு பார்ப்பது கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் நோட்டீஸிலும். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலும் அம்மன் திருவிழாக்கள் வரிசையாக வரும். நோட்டீஸ் என்றால் பாதிப் பக்கம் உபயதாரர் பெயர்கள். போன வருஷத்து ஃபைலைத் திறந்து, தவறிப்போனவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' சேர்த்து, மகன் பெயரைக் கீழே போட்டு, தேதியை மாற்றினால் வேலை முடிந்தது.

அந்த ஃபைல்கள் எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. எழுத்து யூனிகோடு கிடையாது, பழைய தமிழ் மென்பொருள் ஒன்றின் ஃபான்ட். அந்தத் தமிழ் மென்பொருள் திறக்க வேண்டுமானால் கம்ப்யூட்டரின் பின்னால், பழைய பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட்டில், டாங்கிள் என்ற சாவி மாதிரியான சின்னக் கருவி செருகியிருக்க வேண்டும். டாங்கிளை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருள் 32 பிட். 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரைத் தொடாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே பழைய மதர்போர்டு சித்திரை வெயிலில் உயிரை விட்டபோது, "புது மெஷின் வாங்கிக்கோங்க அக்கா" என்று எல்லோரும் சொன்ன யோசனை எனக்குப் பயன்படவில்லை. எனக்கு வேண்டியது 32 பிட் விண்டோஸ் 7 ஏறுகிற போர்டு.

விர்ச்சுவல் மெஷினில், அதாவது புது கம்ப்யூட்டருக்குள்ளேயே மென்பொருளால் ஓட்டும் இன்னொரு கம்ப்யூட்டரில், போடலாமே என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். பேஜ்மேக்கர் மட்டும் என்றால் அதுதான் புத்திசாலித்தனம், நானே சிபாரிசு செய்வேன். பேரலல் டாங்கிளை அதற்குள் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. யூஎஸ்பியைப் பேரலலாக மாற்றும் கேபிள் பிரிண்டருக்குத்தான் லாயக்கு, டாங்கிள் அதில் பேசாது. தனியாக ஒரு கார்டு வாங்கிச் செருகினாலும் போர்ட்டின் முகவரி பெரும்பாலும் வேறாக இருக்கும். பழைய மென்பொருள்கள் 378 என்ற முகவரியில்தான் தேடும்.

அதனால் போர்டு தேடும்போதே இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, போர்டிலேயே எல்பிடி பின்கள், அதாவது பேரலல் போர்ட்டுக்கான பின்கள், இருக்க வேண்டும். இரண்டு, பிராசஸர் இன்டெல் 6ஆம் தலைமுறையைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டாவது கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபரில். 6ஆம் தலைமுறை வந்தது 2015-இல். அதற்கு இன்டெல்லே விண்டோஸ் 7 டிரைவர் கொடுத்தது, திரைக்கும் சேர்த்து. 7ஆம் தலைமுறை முதல் பிராசஸர்களுக்கு விண்டோஸ் 7 ஆதரவு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. 2017-இல் அந்த மெஷின்களுக்கு அப்டேட் வருவதையும் தடுத்தது. இன்னும் மேலே போனால் திரைக்கு டிரைவர் கிடைக்காது. அதற்கும் மேலே 11ஆம் தலைமுறைக்கு வந்தால் சிக்கல் வேறு. விண்டோஸ் 7 எழும்போது பழைய பயாஸின் (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் மென்பொருளின்) வீடியோ உதவியைக் கேட்கும். பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸில் அது எடுக்கப்பட்டுவிட்டதால் லோகோவிலேயே நின்றுவிடும். ஐ5 6500, எச்110 போர்டு என்று ஆபீஸ்களில் கழித்துப்போட்ட மெஷின்கள் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. என் தேவைக்கு அதுவே புதுசு.

சரி, வாங்கியாயிற்று. சர்வீஸ் தம்பி பென்டிரைவைச் செருகினார். நீலத் திரை வந்தது, மொழி கேட்டது, கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடந்தன. பயாஸுக்குள் போனால் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. "இதுல செவன் ஏறாதுக்கா, டென் போட்டுத் தரேன்" என்றார். ஏறாததற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 7 டிவிடியில் யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது. 4ஆம் தலைமுறை போர்டுகளில் யூஎஸ்பி 2-க்குத் தனிக் கட்டுப்பாடு இருந்தது. அதனால்தான் "நீல ஓட்டையில் போடாதே, கறுப்பில் போடு" என்ற யோசனை அப்போது பலித்தது. 6ஆம் தலைமுறையில் அந்தப் பழைய கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். கறுப்போ நீலமோ, எல்லா ஓட்டையும் யூஎஸ்பி 3 வழியாகத்தான் ஓடுகிறது. எந்த ஓட்டையில் செருகினாலும் செட்டப்புக்குக் கண் தெரியாது. கீபோர்டை எப்படியோ தாண்டினாலும், தன்னை ஏற்றிய பென்டிரைவையே அதற்குத் தெரியாது. "சிடி டிவிடி டிரைவின் டிரைவர் காணோம்" என்று சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லி நிற்கும். அந்த வாசகத்தைப் பார்த்து டிரைவர் தேடி அலைந்தவர்கள் எத்தனை பேரோ.

இதற்கு இணையத்தில் சொல்லும் வைத்தியம், டிஸ்ம் கட்டளை போட்டு டிவிடியில் உள்ள பூட்.விம், இன்ஸ்டால்.விம் என்ற செட்டப் ஃபைல்கள் இரண்டுக்குள்ளும் யூஎஸ்பி 3 டிரைவரைத் திணிப்பது. கிகாபைட் போன்ற போர்டு கம்பெனிகள் அதற்கென்றே சிறு மென்பொருளும் விட்டிருந்தன. செய்யலாம். ஆனால் என்னிடம் அதைவிட எளிய வழி மூலையில் கிடந்தது: பழைய கேபினெட்டில் இருந்த, போர்டில் சாட்டா கேபிளால் நேராக இணையும் டிவிடி ரைட்டர், அப்புறம் என் டிவிஎஸ் கோல்டு கீபோர்டு. ஊதா நிற உருண்டை பின் வைத்த பிஎஸ்2 கீபோர்டு அது. டைப்ரைட்டரில் பழகிய கைக்கு அதைவிட்டால் வேறு கீபோர்டு ஒத்துவராது. புதுப் போர்டிலும் பிஎஸ்2 ஓட்டை ஒன்று இருந்தது. டிவிடி சாட்டாவில், கீபோர்டு பிஎஸ்2-வில். யூஎஸ்பி என்ற பேச்சுக்கே இடமில்லை. மவுஸ் இல்லாமல் டேப், என்டர் தட்டியே கடைசிவரை போய்விடலாம். தம்பி பார்த்துக்கொண்டே நின்றார்.

பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்து, பழைய முறையில் எழ வைக்கும் சிஎஸ்எம்மை இயக்கி, லெகசி என்று வைக்க வேண்டும். இந்த மாதிரி போர்டில் 32 பிட் விண்டோஸ் 7 யூஇஎஃப்ஐ என்ற புது முறை வழியாக எழாது. டிஸ்க்கும் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்க வேண்டும். செட்டப்பிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தி டிஸ்க்பார்ட் கட்டளையில் டிஸ்க்கைத் துடைத்துவிட்டால் போதும். எஸ்எஸ்டி வாங்கும்போது சாட்டா வகையே வாங்குங்கள். என்விஎம்இ என்ற வேகமான வகை விண்டோஸ் 7-க்குத் தெரியாது. அதற்குத் தனி ஹாட்ஃபிக்ஸ் உண்டு, ஆனால் ஒரு நோட்டீஸ் ஃபைலைத் திறக்க அவ்வளவு வேகம் யாருக்கு வேண்டும்? கடைக்காரர் 8 ஜிபி ரேம் போட்டுக் கொடுத்தார். 32 பிட்டில் 4 ஜிபிக்குள்தான் பயன்படும், மீதி சும்மா இருக்கிறது.

ஏறி முடித்த பிறகும் யூஎஸ்பி செத்துத்தான் இருக்கும், லேன் கார்டும் தெரியாது. ஆகவே முன்கூட்டியே இன்னொரு கம்ப்யூட்டரில் யூஎஸ்பி 3, சிப்செட், கிராஃபிக்ஸ், லேன் டிரைவர்களை ஒரு டிவிடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கேபி4490628, கேபி4474419 என்ற இரண்டு அப்டேட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை இல்லாவிட்டால் 2019-க்குப் பிந்தைய ஷா-2 என்ற டிஜிட்டல் கையெழுத்து விண்டோஸ் 7-க்குப் புரியாது, சில டிரைவர்கள் ஏற மறுக்கும். விண்டோஸ் 7-இன் சர்வீஸ் பேக் 1 (எஸ்பி1) இருந்தால்தான் இவை ஏறும்.

இந்த மெஷினுக்கு நெட் கொடுக்கவில்லை. 2020 ஜனவரி 14-ஓடு பாதுகாப்பு அப்டேட் நின்றது, குரோம் 109-ஓடு நின்றது. பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் பக்கத்து மெஷினுக்கு எடுத்துப்போய் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். புது வேலைகளை அந்த மெஷினில் யூனிகோடிலேயே செய்கிறேன். பழைய ஃபைல்களை மாற்றச் சொல்லாதீர்கள். மாற்றினால் ஒற்றைக்கொம்பு எல்லாம் இடம் மாறி, ஒவ்வொரு உபயதாரர் பெயரையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஒருவர் இனிஷியல் தவறினால் விழாக் கமிட்டியே கடைக்கு வந்துவிடும்.

கடைசியாக டாங்கிள். எல்பிடி பின்களில் இருந்து பின்பக்கம் வரும் பட்டைக் கேபிளைத் தனியாக வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் ஒரே கேபிள் எல்லாப் போர்டுக்கும் பொருந்தாது, கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும். போர்டு மேனுவலில் உள்ள படத்தை மொபைலில் காட்டிக் கேட்டு வாங்குங்கள். பயாஸில் பேரலல் போர்ட்டை இயக்கி, முகவரி 378 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தது. மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது.