பழங்காலக் காற்றை இலைத்துளைகளில் தேடுதல்

வளிமண்டலக் கரியமில வாயுவை ஹவாயின் மவுனா லோவாவில் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியது 1958இல்தான். அதற்கு முந்தைய 8 லட்சம் ஆண்டுகளின் காற்று அண்டார்டிகாவின் பனிப்பாளங்களில் குமிழ்களாகச் சிக்கிக் கிடக்கிறது. அதையும் தாண்டிப் பின்னே போக விரும்புவோர் நாடும் சான்றுகளுள் ஒன்று, கல்லில் பதிந்துபோன இலை.

இலை தன் துளைகள் வழியாகக் கரியமில வாயுவை உள்ளிழுக்கும்போதே நீரையும் ஆவியாக இழக்கிறது. காற்றில் அந்த வாயு மிகுந்திருந்தால் குறைவான துளைகளே போதும் என்பதால், பல மரங்களில் புதிதாக விரியும் இலைகள் துளைகளைக் குறைத்துக்கொள்கின்றன. கேம்பிரிட்ஜில் உலர்த்திப் பாதுகாக்கப்பட்டிருந்த மரஇலைகளை ஆராய்ந்த தாவரவியலாளர் இயன் உட்வர்ட், ஏறத்தாழ 200 ஆண்டுகளில் துளைகளின் அடர்த்தி சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்ததை 1987இல் எடுத்துக்காட்டினார்.

ஆனால் அவை குளிர்நாட்டு மரங்கள். சிங்கப்பூரில் நம் புக்கித் தீமா போன்ற மழைக்காட்டில் கணக்கு அவ்வளவு எளிதன்று. ஒரே செராயா மரத்தின் உச்சியில் வெயில் குடிக்கும் இலையும் கீழ்க்கிளையின் நிழலில் வளரும் இலையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிழல் இலை அகன்று விரிவதால் அதில் துளைகள் தள்ளித் தள்ளி அமைகின்றன. போதாக்குறைக்கு, மக்கும் சருகும் மண்ணும் வெளியிடும் கரியமில வாயு தரையை ஒட்டிய காற்றில் கூடுதலாகத் தேங்குகிறது. எந்த இலை எங்கே தொங்கியது என்று தெரியாமல் எண்ணினால், நிழலின் விளைவைப் பழங்காலக் காற்றின் விளைவாக எடுத்துக்கொண்டுவிடுவோம்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நடைபாதையில் விழுந்த தெம்பூசு இலையின் அடிப்புறத்தில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, நன்கு காய்ந்தபின் ஒட்டுநாடாவால் உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்தால், இரண்டு இரண்டு காப்புச் செல்கள் உதடுகளாகக் குவிந்திருக்கும் துளைகளின் அச்சு தெரியும். துளைகளை மட்டும் எண்ணுவது போதாது. சுற்றியுள்ள புறத்தோல் செல்களையும் எண்ணி, மொத்தத்தில் துளைகள் எத்தனை விழுக்காடு என்று பார்க்கவேண்டும். 1927இல் தாவரவியலாளர் சாலிஸ்பரி வகுத்த இந்தக் குறியீடு இலை விரிந்த அளவால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை என்பதால், அடர்த்தியைவிட இதையே நான் நம்புவேன். கரியமில வாயு மிக உயர்ந்த காலங்களில் மட்டும் இதுவும் கைகொடுப்பதில்லை, ஏனெனில் ஓர் அளவுக்குமேல் துளைகள் குறைவது நின்றுவிடுகிறது.

ஒப்பிடுவதற்கான பழைய இலைகளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. பூமலை என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் உலர்தாவரக் காப்பகத்தில் ஏறக்குறைய 7,50,000 மாதிரிகள் உள்ளன. தாவரவியலாளர் ரிட்லி 1888இல் இங்கு இயக்குநராகப் பொறுப்பேற்றபோது காற்றில் ஒரு மில்லியனுக்கு 300 பங்குக்கும் குறைவாக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. எனினும் பழைய மாதிரிச் சீட்டுகளில் ஊரும் தேதியும் இருக்குமே தவிர, இலை எந்த உயரத்தில் பறிக்கப்பட்டது என்பது பெரும்பாலும் இருக்காது. பூமலையின் துணை இயக்குநராக இருந்த கார்னர், பெரோக் எனப்படும் பன்றிவால் குரங்குகளைப் பழக்கி உயரமான மரங்களிலிருந்து கிளைகளை ஒடித்துப் போடச் செய்தார். இந்தக் கணக்கை யாரேனும் இங்கே தொடங்குவதானால், அந்தக் குரங்குகள் பறித்துத் தந்த இலைகளை முதலில் தேடிப் பார்க்கலாம்.