ஜமைக்காக் குரங்கின் முளைக்காத பல்

ஜமைக்காவின் லாங் மைல் குகையில் 1920-இல் அமெரிக்க விலங்கியலாளர் ஹரால்டு அந்தோனி, அழிந்துபோன ஒரு குரங்கின் கீழ்த்தாடையைக் கண்டெடுத்தார்; அந்தக் குரங்குக்கு 1952-இல்தான் ஸீனோதிரிக்ஸ் என்ற பெயர் கிடைத்தது. அமெரிக்கக் குரங்குகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாடையின் ஒவ்வொரு பக்கமும் மூன்று பின்கடைவாய்ப் பற்கள் உண்டு, இதற்கோ இரண்டுதான். நாம் ஞானப்பல் என்கிறோமே, அது இதற்கு இல்லவே இல்லை. அணில் அளவேயான மார்மோசெட் குரங்குகளுக்கும் இரண்டே என்றாலும், அவற்றைவிடப் பல மடங்கு பெரிய உடலும், மழுங்கிய முகடுகள் கொண்ட பற்களும் உடைய இதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் வாதிட்டனர். பற்களின் எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் உறவுமுறையே தவறியிருக்கும் என்பது என் எண்ணம். ஏனெனில் எலும்பிலிருந்து எடுத்த மரபணுவை 2018-இல் ஆராய்ந்தபோது, மூன்று பற்களும் குறையாமல் உள்ள டிட்டி குரங்குகளே இதன் நெருங்கிய உறவினர் என்று தெரிந்தது.